பணிக்கொடை

‘கொடு’ என்னும் வினையடியில் பிறந்தது கொடை. கொடுப்பவர் மனம் உவந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பணிக்கொடைக்கு மூலமான ஆங்கிலச் சொல் கிராஜுவிட்டியின் லத்தீன் வேரும் நன்கொடையையே சுட்டுவதால், தமிழாக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொருளையே மாற்றிவிட்டது. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர் விலகினால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்று கணக்கிட்டு 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். இறப்போ ஊனமோ நேர்ந்தால் ஐந்தாண்டு நிபந்தனைகூட இல்லை. தவறிழைத்தவருக்கு மறுக்கலாமே, அப்படியானால் கொடைதானே என்று கேட்கலாம். மறுப்பதற்கான காரணங்களையும் சட்டமே வரையறுத்திருக்கிறது. முதலாளியின் கோபம் அதில் இல்லை. சிறு கடைக்கு இது சுமைதான். ஆனாலும் ஒருமுறை சட்டத்துக்குள் வந்த கடை, பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. ஆகவே கடைக்காரர்களே, மாதந்தோறும் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.