கலம் கழித்த பொருள்

வெட்டு இயந்திரங்கள் வருமுன்னர், கல்முனை வயல்களில் சூடு மிதித்துக் களத்திலே நெல்லைத் தூற்றுவார்கள். மணி நிற்கும், பதர் காற்றோடு போகும். போன பதரைப் பின்தொடர்ந்தவர் எவருமிலர். உடலின் கலங்களை ஆராய்ந்த அறிஞர்களும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தனர். 1967 இல் பீற்றர் வுல்வ் என்பவர் குருதிச் சிறுதட்டுக்களிலிருந்து உதிரும் நுண்துணுக்குகளைக் கண்டபோது, அவற்றைத் 'தூசு' என்றே குறிப்பிட்டார்.

கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை றோஸ் ஜோன்ஸ்டன் செம்மறியாட்டின் குருதியை ஆராய்ந்து வந்தார். முதிராத செங்கலத்தின் மேற்பரப்பிலே, இரும்பை உள்ளே எடுக்க உதவும் புரதமொன்று உண்டு. கலம் முதிர்ந்ததும் அது காணாமற் போகிறது. எங்கே போகிறது? அவரை விடாது பிடித்த கேள்வி இதுதான். 1983 இல் விடை கிடைத்தது. கலம் அப்புரதத்தை உள்ளிழுத்து, சின்னஞ்சிறு பைகளிலே பொதிந்து, வெளியே தள்ளிவிடுகிறது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலும் பிலிப் ஸ்ரால் குழுவினர் அவ்வாண்டிலேயே எலியின் குருதியில் இதனைக் கண்டனர். இப்பைகளில் பத்தாயிரத்தை வரிசையாக வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வரும். 1987 இல் ஜோன்ஸ்டன் வழங்கிய 'எக்ஸோசோம்' என்னும் பெயரே நிலைத்தது. ஆயினும் கழிவுப் பையைப் பொருட்படுத்தியோர் அக்காலத்தில் மிகச் சிலரே.

நிலைமையை மாற்றியது சுவீடனிலிருந்து 2007 இல் வெளிவந்த ஆராய்ச்சி. லொட்வால் என்பவரின் குழுவினர், சுண்டெலிக் கலங்கள் விட்ட பைகளை மனிதக் கலங்களோடு சேர்த்தனர். மனிதக் கலங்கள் சுண்டெலியின் புரதங்களை உண்டாக்கின! பைக்குள் கழிவு மட்டுமன்று, ஆர்.என்.ஏ. என்னும் கட்டளையும் இருந்தது. ஒரு கலம் மற்றொன்றுக்கு விடுக்கும் ஓலை என்று அதனைச் சொல்லலாம்.

புற்றுநோய்க் கலமும் இவ்வோலையை விடுக்கிறது. அதனைக் குருதியிலும் சிறுநீரிலும் தேடிப் படித்தால் நோயை முன்னரே அறியக்கூடும். சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய்க்கு அத்தகைய சிறுநீர்ச் சோதனை அமெரிக்காவில் வந்துவிட்டது. சிங்கப்பூரில் லிம் சாய் கியாங் குழுவினர், குருதி தடைப்பட்ட சுண்டெலி இதயத்தின் சேதத்தை இப்பைகள் குறைப்பதை 2010 இல் காட்டினர்.

சுண்டெலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்பது இன்னும் நிலைநாட்டப்பட வேண்டியது. விற்போர் அதுவரை காத்திருப்பதில்லை. கொழும்புக்கோ சென்னைக்கோ வைத்தியம் தேடிச் செல்லும் கல்முனை நோயாளி, இப்பெயரை விளம்பரத்திலே கண்டால், அது அனுமதி பெற்ற மருந்துதானா என்று முதலிலே கேட்க வேண்டும். 2019 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், அனுமதியற்ற எக்ஸோசோம் மருந்துகளை ஏற்றுக்கொண்ட சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் அவ்வாண்டு டிசெம்பரில் எச்சரிக்கை விடுத்தபோது, எந்தவோர் எக்ஸோசோம் மருந்துக்கும் அது அனுமதி வழங்கியிருக்கவில்லை.