பெயர்த்தெழுதிய வலைப்பதிவு: தனிமனித எழுத்தின் இடமாற்றமும் வரலாற்றுச் சான்றின் நிலையும் – தென்காசி, குற்றாலம் சார்ந்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல்லாண்டுகள் எழுதப்பெற்ற தனிமனித வலைப்பதிவு ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்கு மாற்றப்படும்போது அதன் குறியாக்கம், முகவரி, நாள், மறுமொழி ஆகியவை மாறவோ மறையவோ செய்கின்றன. வட்டார வரலாற்றுக்கு இவையே முதன்மைச் சான்றுகள். எனவே இம்மாற்றத்தைத் தொழில்நுட்பப் பணியாக மட்டும் கருதாமல், ஏடு பெயர்த்தெழுதுதலுக்கும் பதிப்பித்தலுக்கும் இணையான செயலாகக் கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வலைப்பதிவு, ஏடு பெயர்த்தல், ஒருங்குறி, திஸ்கி, தென்காசி, குற்றாலம், ரசிகமணி டி.கே.சி.

முன்னுரை

தென்காசி விசுவநாதர் கோயிலை 1446ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். அவன் பெயரால் வழங்கும் செய்யுள்கள் அக்கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, கட்டியவனின் பெருமையைப் பேசவில்லை. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக அரசன் அதில் கூறுகிறான். குறை நேரத்தான் செய்தது. சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்ற இராசகோபுரம் மீளக் கட்டப்பெற்று, 1990இல் குடமுழுக்குக் கண்டது.

தான் உண்டாக்கியதை முகமறியாத பின்னோர் கையில் ஒப்படைக்கும் இம்மனநிலை, இன்றைய தனிமனித வலைப்பதிவுகளின் வரலாற்றை ஆராயும்போது மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகிறது. குற்றாலச் சாரல் எந்த நாளில் தொடங்கியது, தென்காசிச் சந்தையில் என்ன விலை விற்றது, ஊர்த் தேர் எவ்வழியே வந்தது என்பன போன்ற செய்திகளை நாளிதழ்கள் விட்டுவிட்ட இடங்களில் வலைப்பதிவர்கள் எழுதிவைத்துள்ளனர். அவ்வெழுத்துகள் எழுதப்பட்ட இடத்திலேயே இருப்பதில்லை. தளங்கள் மூடப்படுகின்றன, உரிமங்கள் மாறுகின்றன, பதிவரே வசதி கருதி வேறிடம் பெயர்கிறார். பெயர்ந்தபின் நம் கைக்கு வருவது அதே பதிவுதானா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

ஏடும் குறியாக்கமும்

தமிழில் வலைப்பதிவுகள் 2003ஆம் ஆண்டளவில் தோன்றின. 1999இல் தொடங்கப்பெற்ற பிளாக்கர் நிறுவனத்தை 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஓரிடத்தில் படிக்க வழிசெய்தது.

ஆயினும் அக்காலத்துத் தமிழ் எழுத்து ஒரே குறியாக்கத்தில் இல்லை. மின்னஞ்சல் கலந்துரையாடல்களின் வழி உருவான திஸ்கி ஒருபுறம் வழங்கியது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் ஆகியவை மற்றொருபுறம் வழங்கின. 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வந்தபின்னரே பொதுப் பயனர் கணினிகளில் அது இயல்பாகத் தெரியத் தொடங்கியது. 2010இல்தான் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. ஆகவே, தொடக்ககால எழுத்துகளுள் ஒருபகுதி தளம் மாறும் முன்னரே குறியாக்கம் மாறவேண்டியிருந்தது.

இம்மாற்றம் எழுத்துக்கு எழுத்து நிகழ்வதன்று. திஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, பின்பு ககரம் எனச் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக அமையும். ‘கொ’ திஸ்கியில் கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று துண்டுகள். ஒருங்குறியில் ககரமும் ஓர் ஒகரக் குறியும். மாற்றி மென்பொருள் ஓரிடத்தில் பிழைத்தால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஔகாரத்தின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே வடிவில் தோன்றுவதால் அங்கும் மயக்கம் உண்டு.

ஓலைச்சுவடி படித்தோர்க்கு இம்மயக்கம் புதிதன்று. சுவடிகளில் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரத்திற்கு ஒரே கொம்பு. ரகரத்திற்கும் காலுக்கும் ஒரே வடிவம். இருநூறு ஆண்டுகள் பழகிய ஓலையைப் பெயர்த்தெழுதியவர் பொருளறிந்தே கால் எது, ரகரம் எது எனத் துணிந்தார். மாற்றி மென்பொருளுக்குப் பொருள் தெரியாது. இவ்வேறுபாடு ஒருவகையில் நன்மையே: மென்பொருளின் பிழை ஒரே சீராக விழும், எனவே கண்டறிந்து திருத்த இயலும். பொருளறிந்து எழுதிய மனிதர் செய்த பிழைதான் கண்டுபிடிக்க அரிது.

முகவரி என்னும் சான்று

குறியாக்கம் பிழையின்றி மாறினாலும் முகவரி மாறிவிடும். அச்சு நூலில் பக்க எண்ணுக்குள்ள இடம் வலைப்பதிவில் முகவரிக்கு உண்டு. மேற்கோள்களும் பிற பதிவர் தந்த இணைப்புகளும் அதனையே நம்பி நிற்கின்றன.

பிளாக்கர் தளம் பதிவின் தலைப்பிலுள்ள உரோமன் எழுத்துகளை மட்டும் கொண்டு முகவரி அமைப்பது வழக்கம். தலைப்பு முழுதும் தமிழாயின், ‘பிளாக்-போஸ்ட்’ என்னும் பொதுப்பெயரும் ஒரு வரிசை எண்ணுமே கிடைக்கும். தமிழ்ப் பதிவர் பலரின் முகவரிகள் இவ்வாறு பெயரற்றவை. ஆயினும் அவற்றில் ஆண்டும் மாதமும் தவறாமல் இடம்பெறும். வரலாற்று மாணவனுக்கு அது சிறிய பேறு.

வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை ஏற்கிறது. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாகவும் விரியும். ‘குற்றாலம்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் அது 9 குறிகள். முகவரியில் 81 எழுத்துகள். அம்மென்பொருள் இதற்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்தளவே ஆதலின், 22 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்த் தலைப்பு நடுவே அறுபடும். ‘குற்றாலம்’ என்னும் சொல்லை இருமுறை எழுதினாலே ஏறத்தாழ இடம் தீர்ந்துவிடும்.

பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய இடத்திற்கு அனுப்பும் வழிமாற்றி இக்குறையைப் பெருமளவு தீர்க்கும். பதிவர் தமக்கெனத் தனிப்பெயர் பதிந்து வைத்திருந்தால் இது எளிது. இலவசத் தளத்தின் பெயரிலேயே எழுதியவர்க்கு வழங்கியின் நிலையில் அத்தகைய வழிமாற்றம் கிடைப்பதில்லை. பக்கத்தினுள் செய்யும் சில உத்திகளே துணை.

பதிவர் இடம்பெயராமலே முகவரி இறந்த நிகழ்வும் இந்தியாவில் உண்டு. 2012இல் கூகுள் நாடுவாரியான முகவரிகளைப் புகுத்தியபோது, இந்திய வாசகர்க்குப் பிளாக்ஸ்பாட்.காம் என்பது பிளாக்ஸ்பாட்.இன் எனத் தோன்றியது. பலர் அதனையே படியெடுத்து மேற்கோளாகத் தந்தனர். 2020இல் அப்பெயர் கூகுளின் கையைவிட்டு வேறொருவரிடம் சென்றது. பதிவுகள் பழைய பெயரில் அப்படியே இருந்தன; அவற்றைச் சுட்டிய மேற்கோள்கள் மட்டும் வழி தவறின. இறுதியிலுள்ள ‘இன்’ என்பதைக் ‘காம்’ என மாற்றினால் பக்கம் திறக்கும் என்பதை அறியாத வாசகர் அப்பதிவு அழிந்ததாகவே முடிவுசெய்வார்.

நாளும் மாவட்டமும்

ஏற்றுமதிக் கோப்பின் வழியாக மாற்றப்பெறும் பதிவு தன் நாளைச் சுமந்தே செல்லும். ஒவ்வொன்றாகப் படியெடுத்து ஒட்டினால், நாள் தனியே திருத்தப்படாதவிடத்து, இடமாற்றம் நிகழ்ந்த நாளே எழுதிய நாளாகிவிடும். பதினைந்து ஆண்டுப் பதிவுகள் ஒரே வாரத்தில் எழுதப்பட்டன போலத் தோன்றும் வலைத்தளத்தைக் கண்ட அனுபவம் இக்கட்டுரையாளர்க்கு உண்டு. அதன் உட்சான்றுகளைக் கொண்டு காலம் கணித்த நாட்களில், கல்வெட்டியலில் கற்றது எதிர்பாராதவாறு கைகொடுத்தது.

மாறாத நாளும் சரியான நாளாகிவிடாது. பிளாக்கரில் நேர வலயத்தை மாற்றாமல் விட்டவர்களின் பதிவுகள் அமெரிக்கப் பசிபிக் நேரத்தைக் காட்டின. குளிர்காலத்தில் இந்திய நேரம் அதனினும் பதின்மூன்றரை மணிநேரம் முந்தியது. தென்காசியில் பொங்கலன்று காலை ஒன்பது மணிக்கு எழுதிய பதிவு போகி நாளின் தேதியைத் தாங்கி நிற்கும். இடம்பெயர்க்கும்போது வலயத்தைத் திருத்துவது நன்று. திருத்தியதைக் குறிக்காமல் விட்டால், பழைய தேதியுடன் மேற்கோள் காட்டியவர் பிழை செய்தவராகிவிடுவார்.

இடப்பெயரில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். அதற்கு முன் எழுதப்பெற்ற குற்றாலப் பதிவுகளுக்குத் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்பதே இயல்பான குறிச்சொல். புதிய தளத்தில் குறிச்சொற்களை ஒழுங்குசெய்யும் பதிவர் அதனைத் ‘தென்காசி மாவட்டம்’ என மாற்றினால் தேடுவோர்க்கு எளிது. ஆனால் 2008இல் எழுதியவர் 2019இன் மாவட்டத்தை அறிந்திருந்தார் என்னும் பொய்த்தோற்றம் எழும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததை மறந்து பழைய ஆவணங்களைத் தமிழகக் கோப்புகளில் தேடி ஏமாந்தவர்க்கு இதன் விளைவு விளங்கும். பழைய குறிச்சொல்லை நீக்காமல் புதியதைக் கூடுதலாக இடுவதே தக்கது.

குற்றாலத்தில் ஒரு பதிப்பாசிரியர்

தம் எழுத்தைத் தாமே பெயர்ப்பவர் வெறுமனே படியெடுப்பவராக நிற்பதில்லை. இளமையில் எழுதிய சினத்தை நீக்குகிறார். பொய்த்துப்போன கணிப்பை மறைக்கிறார். மொழிநடையைச் செப்பம் செய்கிறார். இவ்விருப்பத்தின் வலிமையை அறியக் குற்றாலத்திலேயே ஒரு சான்று உண்டு.

தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டு, பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954), கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுள் பெரும்பகுதியைக் கம்பர் வாக்கல்ல என விலக்கினார். ஏற்றுக்கொண்டவற்றிலும் தம் செவிக்கு ஒவ்வாத பாடங்களை மாற்றினார். சுவைஞராக அவர்க்கிருந்த கூர்மையை மறுப்பாரில்லை. ஆயினும் சுவையைச் சான்றாகக் கொண்ட அவர் முறையை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஏனைய பதிப்புகள் இருந்தமையால் கம்பனுக்கு இழப்பில்லை. டி.கே.சி.யின் தேர்வை அவர் காலத்து இரசனையின் ஆவணமாக நாம் படிக்கலாம். தனிமனித வலைப்பதிவுக்கு வேறு பதிப்புகள் இல்லை என்பதே இங்குள்ள வேறுபாடு. பழைய தளத்தை அழித்துவிட்டு, திருத்திய படியை மட்டும் வைப்பவர் ஒப்பிடுவதற்கு எதனையும் விட்டுவைப்பதில்லை.

அவருடைய சொந்த எழுத்தின் வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியின் உயிர், பேச்சிலும் மறுமொழியிலும் இருந்தது. 1941இல் தொடங்கிய ‘கல்கி’ இதழின் வாயிலாக அவர் கருத்துகள் கட்டுரைகளாயின. கடிதங்களும் பின்னர் நூல்களாயின. கட்டுரைகளில் அவர் குரல் இருக்கிறது. எதிரே அமர்ந்து ஐயம் எழுப்பியவரின் குரல் பெரும்பாலும் இல்லை. கடிதத் தொகுப்புகளிலும் வந்த கடிதத்தைவிட எழுதிய கடிதமே இடம்பெறுவது வழக்கம். வலைப்பதிவு இடம்பெயரும்போது பதிவர்கள் முதலில் கைவிடுவது மறுமொழிகளையே. அருவிக்கரைக் கடையின் பெயரைத் திருத்தியவரும், தேரோட்ட நாளை மறுத்தவரும் பதிவின் கீழ்தான் எழுதியிருப்பர்.

பெயர்த்தவர் குறிப்பு

தென்பாண்டி நாட்டுச் சுவடிகள் பலவற்றின் இறுதியில் கொல்லம் ஆண்டும் திங்களும் நாளும், ஏடு எழுதியவரின் பெயரும் காணப்படும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபின்னரும், மின்பதிப்புகளின் தலைப்பில் தட்டச்சு செய்தவரையும் மெய்ப்புப் பார்த்தவரையும் குறித்துவருகிறது. தன்னார்வலர் பணியில் இவ்வளவு ஒழுங்கு வியப்புக்குரியது. தனிமனித வலைப்பதிவில் எழுதியவரும் பெயர்த்தவரும் ஒருவரே ஆதலின், இக்குறிப்புத் தேவையற்றது எனக் கருதப்படுகிறது. ஆனால் 2006இல் எழுதியவரும் 2024இல் பெயர்த்தவரும் வரலாற்று நோக்கில் இருவரே.

வேண்டுவது ஒரு பக்க அளவிலான குறிப்பு. எந்தத் தளத்திலிருந்து எந்த நாளில் மாற்றப்பட்டது, குறியாக்கம் மாறியதா, நேர வலயம் திருத்தப்பட்டதா, எவ்வெப்பதிவுகள் விடப்பட்டன, மறுமொழிகள் உடன் வந்தனவா, படங்கள் பழைய வழங்கியிலேயே உள்ளனவா என்பவற்றை அது சொன்னால் போதும். படங்களைத் தனியே சொல்லக் காரணம் உண்டு: பிளாக்கரின் ஏற்றுமதிக் கோப்பில் பதிவும் மறுமொழியுமே இருக்கும், படங்களுக்கு இணைப்பு மட்டுமே இருக்கும். பழைய கணக்கை மூடும் நாளில்தான் பதிவர் இதனை உணர்கிறார். மூடுவதற்கு முன் ஏற்றுமதிக் கோப்பைத் திருத்தாமல் தனியே சேமிப்பதும், பழைய பக்கங்களை இணைய ஆவணகத்தின் வேபேக் எந்திரத்தில் பதிவுசெய்வதும் செலவற்ற பணிகள்.

ஆய்வாளர்க்கும் இதில் பங்கு உண்டு. என் ஆய்வேட்டில் தென்காசி வட்டாரப் பதிவுகளை மேற்கோள் காட்டும் இடங்களில், பழைய முகவரி, புதிய முகவரி, பார்த்த நாள் ஆகிய மூன்றையும் இப்போது தருகிறேன். தொடக்கத்தில் புதிய முகவரியை மட்டும் குறித்துவைத்த அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தும் பணி இன்னும் முடியவில்லை.