சனிக்கிழமை மேட்சும் ஒரு 13 வயசுப் பையனும்

1/
"டாக்டர், நேத்து பந்துக்கு எம்பும்போது இன்னொரு பையனோட தலை மோதிடுச்சு. ஸ்கேன் நார்மல். சனிக்கிழமை சோனல் மேட்ச் இருக்கு. ஃபிட்னு ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

இப்படிக் கேட்டு வரும் அப்பா அம்மாக்களிடம் நான் ஒரு வரலாறு சொல்வது வழக்கம். இன்று உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். பள்ளியில் விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை படிங்க.

2/
முதலில் 1905க்குப் போவோம். அமெரிக்கன் ஃபுட்பால் அப்போது ஏறக்குறைய மல்யுத்தம் மாதிரி. சரியான ஹெல்மெட் கிடையாது. ஆட்டத்தில் பையன்கள் செத்துப்போன செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. குரோட்டன் என்ற பள்ளியின் தலைமையாசிரியர் எண்டிகாட் பீபாடி, ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டிடம் "நீங்கள் தலையிட வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்.

3/
1905 அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்களையும் பிரதிநிதிகளையும் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார் ரூஸ்வெல்ட். அவர் ஜனாதிபதி மட்டுமல்ல, ஒரு விளையாட்டு வீரனின் அப்பாவும்கூட. மூத்த மகன் டெட் அப்போது ஹார்வர்டில் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். அடுத்த மாதமே யேலுக்கு எதிரான ஆட்டத்தில் அவனுக்கு மூக்கு உடைந்தது.

நாட்டின் ஜனாதிபதியாகவே இருந்தாலும், மைதானக் கோட்டைத் தாண்டிவிட்டால் பிள்ளை கோச்சின் கையில்தான்.

4/
அடுத்த ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. ஆட்டம் கொஞ்சம் விரிந்தது, குவியலாக மேலே விழுவது குறைந்தது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. 1931 முதல் ஆண்டுதோறும் கணக்கு எடுக்கத் தொடங்கினார்கள். 1968இல் மட்டும் ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக இறந்தவர்கள் 36 பேர். அதில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்.

5/
இதில் ஒரு வேடிக்கையான சோகம் இருக்கு. ஹெல்மெட் பலமாக ஆக ஆக, பையன்கள் தலையையே ஆயுதமாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். "தலையைக் குனிஞ்சு இடி" என்று கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்களும் உண்டு. 1976இல் தலையால் முட்டுவதைத் தடை செய்தார்கள். ஹெல்மெட்டுக்குத் தர நிர்ணயமும் வந்தது. 1990இல், கணக்கெடுப்பு தொடங்கிய பின் முதல் முறையாக, நேரடி மரணம் பூஜ்யம்.

6/
பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அந்தக் குலுக்கலைத்தான் கன்கஷன் என்கிறோம். இதற்கு மயக்கம் போட்டு விழ வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஸ்கேனும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். "விளையாடலாம்" என்று அது சொல்லாது.

7/
குலுங்கிய மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால், அது சின்ன அடியாக இருந்தாலும், மூளை வேகமாக வீங்கி உயிர் போகலாம். 1984இல் இரண்டு மருத்துவர்கள் ஒரு 19 வயது கல்லூரி வீரரின் மரணத்தை வைத்து இதை எழுதினார்கள். அபூர்வம்தான். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் வளரும் பிள்ளைகளும் இளைஞர்களும்.

ஆக, மருத்துவ உலகத்துக்கு விஷயம் தெரியும். மைதானத்துக்குத் தெரியவில்லை.

8/
2006 அக்டோபர். வாஷிங்டன் மாநிலத்தில் மேப்பிள் வேலி என்ற ஊர். ஸாக்கரி லிஸ்டெட், வயசு 13. முதல் பாதி ஆட்டத்தில் எதிராளியைத் தடுத்து விழும்போது தலை தரையில் மோதியது. தலையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்தான். இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான். நன்றாகவே ஆடினான்.

ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான்.

9/
ஹெலிகாப்டரில் சியாட்டில் நகருக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தக்கசிவு. வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டின் இரு பக்கமும் திறக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் முதல் வார்த்தை பேச 9 மாதம். கையையோ காலையோ அசைக்க 13 மாதம். 20 மாதம் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. உதவியோடு எழுந்து நிற்க ஏறக்குறைய மூன்று ஆண்டு.

அந்தப் பெற்றோர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்க.

10/
அவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. ஸ்டான்லி ஹெர்ரிங் போன்ற மருத்துவர்களோடும் வழக்கறிஞரோடும் சேர்ந்து சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2009 மே மாதம் லிஸ்டெட் சட்டம் கையெழுத்தானது. அதன் சாரம் மூன்றே விஷயம்:

• ஆண்டுதோறும் சீசன் தொடங்கும் முன் பெற்றோரும் பிள்ளையும் கன்கஷன் பற்றிய தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும்.
• சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். நிரூபணம் தேவையில்லை.
• கன்கஷனைக் கையாளப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்துப்பூர்வமாக அனுமதிக்கும் வரை திரும்ப இறக்கக் கூடாது.

11/
இதன் அழகு என்ன தெரியுமா? யாரையும் வில்லன் ஆக்கவில்லை. முக்கால்வாசி பயிற்சியாளர்கள் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது, நல்லா ஆடும் பையன் "நான் ஓகே சார்" என்று சொல்லும்போது, தனியாக முடிவெடுப்பது கஷ்டம். சட்டம் அந்தச் சுமையைக் கோச்சின் தோளிலிருந்து இறக்கி, கோச், பெற்றோர், மருத்துவர் என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தது.

12/
2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இந்த மாதிரி சட்டம் வந்துவிட்டது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சட்டம் வந்ததும் முதலில் பதிவாகும் கன்கஷன்கள் கூடின. மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து, ஏற்கனவே அடிபட்டவர்களுக்கு மறுபடி வருவது குறையத் தொடங்கியது.

13/
சரி, நமக்கு என்ன? கபடியோ கால்பந்தோ கிரிக்கெட்டோ, மூளை ஒன்றுதான். அந்த மூன்று பேர் ஏற்பாட்டை உங்கள் வீட்டு அளவில் நீங்களே செய்யலாம்.

சீசன் ஆரம்பத்திலேயே பி.டி. மாஸ்டரை ஒருமுறை போய்ப் பாருங்க. குறை சொல்ல இல்லை, அறிமுகத்துக்கு. "தலையில் அடிபட்டா என்ன பண்ணுவீங்க சார்? யாருக்கு போன் பண்ணுவீங்க?" என்று கேளுங்க. உங்கள் நம்பரைக் கொடுத்துட்டு வாங்க.

14/
அவர் முன்னாடியே பிள்ளையிடம் சொல்லுங்க: "தலை வலிச்சா, சுத்தினா, கண் மங்கினா உடனே சொல்லிடு. வெளியே உட்கார்ந்தா நாங்க யாரும் திட்ட மாட்டோம்." பிள்ளைகள் வலியை மறைப்பது டீம்ல இடம் போயிடும்னுதான். அந்தப் பயத்தை எடுக்க வேண்டியது பெரியவர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம், எரிச்சல், மறதி, படிப்பில் கவனம் இதில் மாற்றம் தெரிந்தால் அதையும் மாஸ்டரிடம் சொல்லுங்க. அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம். அவருக்கு மைதானம்தான் தெரியும். ராத்திரி உங்களுக்குத்தான் தெரியும்.

15/
திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ தெளிவான நீர் அல்லது ரத்தம் வடிதல்: இதில் ஒன்று இருந்தாலும் நேராக எமர்ஜென்சி. காலை வரை பார்க்கலாம்னு இருக்காதீங்க.

மற்றபடி அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்லப் பள்ளி, நடை, ஓட்டம், பயிற்சி. மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் மேட்ச். அவசரப்படுத்தக் கூடாது.

16/
ஸாக்கரி 2011இல் பள்ளிப் படிப்பை முடித்தான். சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடந்துபோய்ப் பட்டம் வாங்கினான்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை சர்ட்டிபிகேட்டை நான் எழுதித் தருவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும். சோனல் மேட்ச் அடுத்த வருஷமும் வரும்.

உங்கள் ஊர் பி.டி. மாஸ்டருக்கு இதை ஃபார்வர்டு பண்ணுங்க.