பிஸ்டனும் மூடியும்: படகுக் கழிப்பறைகள் இரண்டு

பாய்மரப் படகின் கழிப்பறை கடல்நீரை உள்ளே இழுக்க வேண்டும், கழிவை வெளியே தள்ள வேண்டும், இரண்டுக்கும் நடுவில் படகை மூழ்கடிக்காமலும் இருக்க வேண்டும். சிறு படகுகளில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, ஜாப்ஸ்கோ முதலிய நிறுவனங்கள் விற்கும் பிஸ்டன் கைப்பம்பு வகை. மற்றொன்று, இங்கிலாந்தில் பிறந்த லாவாக்.

பிஸ்டன் வகையில், பீங்கானை ஒட்டி ஓர் உருளை நிற்கும். அதற்குள் ஒரே பிஸ்டன். மேலறை கடல்நீரை இழுத்துப் பீங்கானுக்குள் விடுகிறது. கீழறை கழிவை உறிஞ்சித் தள்ளுகிறது. வருகிற நீருக்கும் போகிற நீருக்கும் இடையே தடுப்பாக இருப்பது பிஸ்டனைச் சுற்றிய ஒரு ரப்பர் வளையம்தான். சிக்கனமான வடிவமைப்பு, இதன் நோய்களும் அந்தச் சிக்கனத்திலிருந்தே வருகின்றன.

லாவாக்கில் கடல்நீருக்கென்று தனிப் பம்பே கிடையாது. இருக்கைக்கு அடியிலும் மூடிக்கு அடியிலும் ரப்பர் பட்டை ஓடுகிறது. மூடியைச் சாத்திவிட்டுச் சுவரிலுள்ள டயஃப்ரம் பம்பை அடித்தால், கழிவு வெளியேறும்போதே பீங்கானுக்குள் காற்றழுத்தம் குறைந்து, கடல்நீர் தானே உள்ளே வருகிறது. நீர் வரும் வழியில் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை.

பழுது பார்க்கும் கைக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். பிஸ்டன் பம்பின் தண்டு நுழையும் இடத்தில் நீர் கசிந்தால், மேல் சீல் தேய்ந்திருக்கிறது. யாரும் தொடாமலே பீங்கானில் கலங்கல் நீர் மெல்ல ஏறினால், வெளியேற்றும் வாயிலுள்ள வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு விறைத்து, வாய் மூடாமல் நிற்கிறது. அடிக்க அடிக்கக் கைப்பிடி முரண்டு பிடித்தால் உருளை காய்ந்துவிட்டது. சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். கையில் கிடைத்த பெட்ரோலிய எண்ணெயை ஊற்றக் கூடாது; அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். இந்த வால்வும் சீல்களும் ஒரே பெட்டியில் உதிரிப்பாகத் தொகுப்பாகக் கிடைக்கின்றன. ஆனால் முழுப் பம்பையே புதிதாக வாங்கி மாட்டிவிடுவோரும் உண்டு. கழிவு ஊறிய திருகுகளோடு ஒரு மதியத்தைக் கழிப்பதை நினைத்தால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லாவாக்கின் கோளாறுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பிடிபடத் தாமதமாகும். நீர் வரவில்லை என்றால் பம்பைச் சந்தேகிக்கத் தோன்றும். குற்றவாளி பெரும்பாலும் மூடியின் ரப்பர் பட்டையில் ஒட்டிய ஒரு முடியாகவோ, இறுகிப்போன பட்டையாகவோ இருக்கும். காற்று புகுந்தால் நீர் வராது, அவ்வளவுதான். டயஃப்ரமும் அதன் அகலமான மடல் வால்வுகளும் பெரிய பொருள்களைக்கூடச் சலிக்காமல் கடத்திவிடும்.

இரண்டிலும் ஆபத்து ஒன்றே: சைஃபன். படகு சாயும்போது பீங்கானின் விளிம்பு கடல்மட்டத்துக்குக் கீழே போகலாம். அப்போது வால்வு ஒன்று சரியாக மூடாவிட்டால், கடல் தானாகவே உள்ளே வடியத் தொடங்கும். அதனால் குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே வளைத்து ஏற்றி, உச்சியில் காற்று நுழைய வழி வைக்கிறார்கள். பிஸ்டன் வகையில், நீர் வரும் பக்கத்து வளைவு பம்புக்கும் பீங்கானுக்கும் இடையில் அமைய வேண்டும். பம்புக்கு முன்னால் வைத்தால் பம்பு நீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். லாவாக்கில் பம்பு அந்தப் பக்கமே இல்லாததால், வளைவின் உச்சியில் ஒரு நுண்துளை போதும். அந்தத் துளையின் அளவில்தான் சூட்சுமம். பெரிதானால் பீங்கானுக்குப் போதிய நீர் வராது. உப்புப் பூத்து அடைத்துக்கொண்டால் பம்பை நிறுத்திய பிறகும் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிடுவது நல்லது. எந்த வகையானாலும், படகை விட்டு இறங்குமுன் படகின் அடியிலுள்ள இரண்டு கடல் வால்வுகளையும் மூடியாக வேண்டும்.

உப்புப் படிவில் இரண்டும் கூட்டாளிகள். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக்கும், காரத்தன்மை ஏறும், கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் குழாய்ச் சுவரில் கல்லாகப் படியும். 38 மி.மீ. குழாய் உள்ளுக்குள் மெல்லச் சுருங்கும். தள்ளுவது போதாததே இதற்கு முதற்காரணம். இந்த அளவுக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டர் குழாய் என்றால் மூன்று லிட்டருக்கு மேல் நீர் போனால்தான் சிறுநீர் குழாயை விட்டு வெளியேறும். பீங்கான் தெளிந்ததும் கையை எடுத்துவிடுபவர், மிச்சத்தைக் குழாயிலேயே ஊறவைக்கிறார். லாவாக்கில் மூடி திறக்காமல் பதினைந்து தடவை அடிக்கச் சொன்னால் விருந்தாளியும் அடித்துவிடுவார். பிஸ்டனில் கண்ணுக்கு முன்னால் சுத்தமாகிவிடுவதால் யாரும் பொறுப்பதில்லை. வினிகர் படிவைத் தள்ளிப்போடும். கல்லானதைக் கரைக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அதோடு பிளீச் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், கவனம். குழாயைக் கழற்றிப் படகுத்துறையில் ஓங்கி அடித்து உதிர்ப்பது பழைய முறை. அது இன்றும் பலிக்கிறது.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் கழிவல்ல, வரும் நீர். மூடிய குழாயில் நாள்கணக்கில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் மடியும். சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கிளப்பும். ஹாங்காங்கில் 1950களின் இறுதியிலிருந்தே நகரக் கழிப்பறைகளுக்குக் கடல்நீர் செல்கிறது; அங்கே வடிகட்டிக் குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். படகில் அந்த வசதி இல்லை. கைகழுவும் தொட்டியின் வடிகுழாயை, அதன் கடல் வால்வுக்கு மேலே, கழிப்பறையின் நீர்வழியோடு இணைத்துவிட்டால், கிளம்பும் முன் வால்வை மூடித் தொட்டியில் நன்னீர் நிரப்பி இழுத்துவிடலாம். இந்த உபாயம் இரண்டு வகைக்கும் பொருந்தும். குடிநீர்த் தொட்டியோடு மட்டும் நேரடியாக இணைக்கவே கூடாது.

வார இறுதியில் கரையோரம் ஓடும் படகுக்குப் பிஸ்டன் போதும். மலிவு, பாகம் சுலபமாகக் கிடைக்கும், கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். பல வாரம் கரை காணாமல் போகிறவருக்கு நான் லாவாக்கைத்தான் சொல்வேன். கூடுதல் விலைக்கு ஒரு துணைக்காரணமும் உண்டு: இடையில் ஒரு திருப்பு வால்வு வைத்தால், அதே டயஃப்ரம் பம்பு படகின் அடியில் புகுந்த நீரையும் இறைத்துத் தரும்.