முதல் முறையே சான்று: டிக்ஸ்–ஹால்பைக் சோதனையில் ‘தணிவு’ பற்றி ஒரு மறுவாசிப்பு

டிக்ஸ்–ஹால்பைக் சோதனையை இரண்டு மூன்று தடவை செய்து, கண்ணசைவு படிப்படியாகத் தணிவதைப் பார்த்த பிறகே தலையின் நிலை மாறும்போது வரும் தீங்கற்ற தலைசுற்றலான பி.பி.பி.வி. என்று முடிவுகட்ட வேண்டும் என்பது பிசியோதெரபி மாணவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பாடம். குமட்டலைக் கிளப்பும் சோதனை என்பதால் அதை மதிப்பீட்டின் கடைசியில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இதனோடு சேர்ந்தே வருகிறது. முதலாவது, 1952ஆம் ஆண்டின் மூலக் கட்டுரையைப் பிழையாக வாசித்ததால் வந்தது. இரண்டாவது, அதே கட்டுரை சொல்வதைக் கவனிக்காததால் நீடிக்கிறது.

மார்கரெட் டிக்ஸும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் அக்கட்டுரையில் 100 நோயாளிகளிடம் கண்டதை விவரிக்கிறார்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்குமாறு சட்டென்று சாய்த்ததும் சில விநாடிகள் எதுவும் நடப்பதில்லை. பிறகு நோயாளி பதறுகிறார், கண்ணை இறுக மூடிக்கொள்கிறார், எழப் பார்க்கிறார். கண்விழி கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்று துடிக்கிறது. வேகம் பிடித்து உச்சம் தொட்டு அடங்குகிறது. உடனே மறுபடி சாய்த்தால் வினை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஓய்வுக்குப் பின் திரும்ப வருகிறது.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. பின்வந்த பாடநூல் மரபு முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு நோயறிதலுக்கான நிபந்தனையாக்கிவிட்டது. ஆசிரியர்கள் இருவரும் பணியாற்றியது லண்டன் குவீன் சதுக்கத்து நரம்பியல் மருத்துவமனை. சி.டி. ஸ்கேன் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. பின்மூளைப் பகுதிக் கட்டியைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதே அங்கே பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும். அந்தச் சூழலில் தணிவு என்பது தீங்கற்ற வகையைப் பிரித்துக் காட்ட உதவும் ஒரு துணைக்குறி. அதை அப்படி வாசிப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். பிசியோதெரபி அறையின் கவலை வேறு: இருக்கும் நோயைக் காணாமல் அனுப்பிவிடுவது.

தணிவு ஏன் நேர்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கோளாறு உள்காதின் யூட்ரிகிளில் இருப்பதாகவே கருதினார்கள். 1979இல் முன்வைக்கப்பட்ட மிதக்கும் துகள் விளக்கமும், 1992இல் அறுவையின்போது பின் அரைவட்டக் குழலில் அத்துகள்கள் நேரடியாகக் காணப்பட்டதும் வேறு படத்தைத் தருகின்றன. திரண்டிருந்த சுண்ணத் துகள்கள் முதல் சாய்ப்பிலேயே சிதறிவிடுகின்றன. அதனால் இரண்டாம் சாய்ப்பில் உந்துவிசை குறைகிறது. அப்படியானால் சோதனையைத் திரும்பச் செய்வது சான்றை உறுதிசெய்வதில்லை, செலவழிக்கிறது. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதலும் தணிவைக் காட்டுவதற்காகச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்கிறது. ஆனால் அது பெரிதும் நோயாளியின் அவதியைக் கருதிச் சொல்வது. என் வாதம் அதைத் தாண்டியது.

வழக்கமான மதிப்பீட்டு வரிசையைப் பாருங்கள். முதலில் கழுத்தின் அசைவு வீச்சு. அதற்காக நோயாளி கட்டிலில் மல்லாந்து படுக்கிறார், தலை பின்னால் சாய்கிறது, இருபுறமும் திரும்புகிறது. அடுத்து பெர்க் சமநிலை அளவுகோல். அதன் 14 பணிகளில் தரையிலிருந்து பொருளை எடுப்பது, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது, முழு வட்டம் சுற்றுவது எல்லாம் உண்டு. கழுத்துப் பரிசோதனையின்போது ‘ஒரு நிமிஷம் இருங்க, கட்டில் சாயுற மாதிரி இருக்கு’ என்று அவர் சொன்னபோது சிகிச்சையாளரின் கண் கோணமானியின் மேல் இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து முறைப்படி சாய்த்தால், ‘இப்ப ஒண்ணும் தெரியலையே’ என்கிறார். தாளில் ‘எதிர்மறை’ என்று பதிவாகிறது. சோதனை உண்மையில் முதலிலேயே நடந்துவிட்டது, கண்ணைப் பார்க்க ஆள் இல்லாமல். நின்றபடி செய்யும் அசைவுகளும் துகள்களை அந்த அளவுக்குச் சிதறடிக்கும் என்பது பொறிமுறையிலிருந்து நான் பெறும் ஊகம்தான். மல்லாந்து படுத்துத் தலை திருப்புவது பற்றி அந்தத் தயக்கம் எனக்கில்லை.

முதலிலேயே தலைசுற்ற வைத்தால் மற்ற அளவீடுகள் கெடும் என்பார்கள். கெடட்டும், நுரைமெத்தை மேல் நிற்கவைக்கும் சமநிலைச் சோதனையை அடுத்த வருகைக்குத் தள்ளலாம். குழலில் துகள் மிதக்கும்போது எடுத்த சமநிலை மதிப்பெண்ணை வைத்து எந்தப் பயிற்சியைத் திட்டமிட முடியும்? தணிவைப் பார்க்காவிட்டால் மூளைசார் காரணம் தவறிப்போகும் என்ற அச்சத்துக்கும் வலுவில்லை. சுழற்சியின்றி நேர்கீழாகத் துடிக்கும் கண், தாமதமின்றித் தொடங்கித் தலை அந்நிலையில் இருக்கும்வரை ஓயாத துடிப்பு ஆகியவை முதல் சாய்ப்பிலேயே எச்சரித்துவிடும். இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், கழுத்துக் காயம் ஆகியவற்றை விசாரிப்பது எப்படியும் சாய்ப்புக்கு முந்திய வேலை.

முதியவர்கள் விஷயத்தில்தான் இந்த வரிசை மிகவும் முக்கியமாகிறது. அவர்களில் பலர் சுற்றுகிறது என்று சொல்வதில்லை. தள்ளாட்டம், நடக்கப் பயம் என்றே வருகிறார்கள், நேராக நடைச் சோதனைக்கு அனுப்பப்படுகிறார்கள். 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதியோர் மருத்துவமனைக்கு வந்த 100 பேரைச் சோதித்து, 9 பேரிடம் அதுவரை கண்டறியப்படாத பி.பி.பி.வி. இருந்ததைக் காட்டியது. எனவே தள்ளாட்டத்தோடு வரும் முதியவரை, விசாரணை முடிந்ததும், வேறெதற்கும் படுக்கவைக்கும் முன் சாய்த்துப் பார்க்க வேண்டும். கழுத்து இடம் தராவிட்டால் பக்கவாட்டில் படுக்கவைக்கும் முறை இருக்கிறது. முடிவு எதிர்மறையானால், அதற்குமுன் தலை எந்தெந்த நிலைக்குப் போயிருந்தது என்பதையும் தாளில் எழுத வேண்டும். அவர் சொல்லும் வரலாறு நோயையே சுட்டினால், இன்னொரு நாள் வரச்சொல்லி அந்த வருகையின் முதல் வேலையாக மறுபடி பார்க்க வேண்டும்.