ஓர் ஆட்டத்தில் தீரும் பட்டம்: சிங்கப்பூர்க் காற்பந்தில் இறுதிச் சுற்றுகளின் வரலாறு

பிடோக் விளையாட்டரங்கத்தைச் சொந்தத் திடலாகக் கொண்டிருந்த கேலாங் யுனைடெட் குழு, 1996இல் சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக்கான எஸ்.லீக்கின் முதல் வெற்றியாளரானது. அந்தப் பட்டம் ஒரே ஓர் ஆட்டத்தில் தீர்ந்தது. எட்டுக் குழுக்கள் மோதிய அந்தப் பருவம் இரண்டு தொடர்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதல் பாதியான டைகர் பியர் தொடரில் கேலாங் முதலிடம் பெற்றது. பிற்பாதியான பயனியர் தொடரில் சிங்கப்பூர் ஆயுதப்படைக் குழு முதலிடம் பெற்றது. இரண்டும் காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் சுமார் 30,000 ரசிகர்கள் முன்னிலையில் மோதின. கேலாங் 2-1 என்ற கணக்கில் வென்றது.

மறுஆண்டே இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. 1997 முதல் பருவம் முழுவதற்கும் ஒரே புள்ளிப் பட்டியல் என்றானது. எனவே லீக் பட்டத்தை நேரடி ஆட்டத்தில் வென்ற குழு என்ற பெயர் கேலாங்குக்கு மட்டுமே உரியதாக நிலைத்துவிட்டது. ஒரு குழுவின் இறுதிச் சுற்றுப் பதிவை எடைபோடும்போது அதன் திறமையைப் பார்ப்பது வழக்கம். ஆனால் போட்டி எப்படி வகுக்கப்பட்டிருந்தது என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும் என்பதைச் சிங்கப்பூர்க் காற்பந்தின் நூறாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அந்த வரலாறு 1921இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மலாயாவுக்கு வந்த 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் நன்கொடையாக அளித்த கிண்ணம், மாநிலங்களுக்கு இடையிலான மலாயாக் கிண்ணப் போட்டிக்கு வித்திட்டது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர், செலாங்கூரை 2-1 என்று வென்றது. போட்டி வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக நடந்தது; இரு பிரிவிலும் முதலிடம் பெற்றவை இறுதியில் சந்தித்தன. 1921 முதல் போர் குறுக்கிட்ட 1941 வரை நடந்த 21 இறுதியாட்டங்களிலும் ஒன்றுவிடாமல் சிங்கப்பூர் ஆடியது. அவற்றுள் 14 முறை கிண்ணம் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. அந்த 14இல் 1928, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அது பகிர்ந்துகொள்ளப்பட்டது. மீதமுள்ள ஏழு இறுதிகளில் தோல்வி. அந்த ஏழில் ஐந்து செலாங்கூரிடமும் இரண்டு பேராக்கிடமும் கண்டவை.

தொடர்ந்து 21 இறுதியாட்டங்கள் என்பது எந்த நாட்டுக் காற்பந்திலும் எளிதில் காணக் கிடைக்காத எண்ணிக்கை. அதற்குச் சிங்கப்பூரின் வலிமை ஒரு காரணம். வடக்கு, தெற்கு எனப் பிரித்த முறை இன்னொரு காரணம். செலாங்கூர், பேராக், பினாங்கு ஆகிய வலுவான குழுக்கள் வடக்கில் ஒன்றையொன்று சாய்த்துக்கொண்டிருந்தன. தெற்கில் ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் ஆகியவற்றைக் கடந்தாலே சிங்கப்பூருக்கு இறுதி உறுதி. ஆகவே 'இறுதிக்கு வந்த ஆண்டுகள்' என்ற கணக்கைவிட, இறுதியில் வடக்கின் வாகையரோடு மோதி வென்ற கணக்கே அந்தக் காலச் சிங்கப்பூர்க் குழுவின் உண்மையான உயரத்தைச் சொல்லும். அந்தக் கணக்கிலும் சிங்கப்பூர் தாழ்ந்துவிடவில்லை.

போருக்குப் பின் சிங்கப்பூர் 1950 முதல் 1952 வரை தொடர்ச்சியாக மூன்று முறை வென்றது. அடுத்து 1955, 1960, 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தைப் பெற்றது. 1967இல் போட்டியின் பெயர் மலேசியக் கிண்ணம் என மாறியது. தனி நாடான பின்னரும் சிங்கப்பூர் அண்டை நாட்டின் மாநிலப் போட்டியில் ஆடியது. அதைத் தங்கள் சொந்தக் கிண்ணமாகவே ரசிகர்கள் கருதினார்கள். அந்தப் பற்று உச்சத்தைத் தொட்டது 1970களின் பிற்பாதியில்தான். 1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சிங்கப்பூர் இறுதிக்கு வந்தது. 1975, 1976, 1978, 1979, 1981 ஆகிய ஐந்து இறுதிகளில் செலாங்கூரிடம் தோற்றது. இரண்டில் வென்றது: 1977இல் பினாங்கை, 1980இல் செலாங்கூரை.

1977இன் இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. குவா கிம் சோங் அடித்த கோல் 3-2 என்ற வெற்றியைத் தந்தது. 'அங்கிள் சூ' என்று அன்போடு அழைக்கப்பட்ட சூ செங் குவீ பயிற்றுவித்த அந்தக் குழுவுக்குத் தற்காப்பு ஆட்டக்காரர் சமது அல்லாபிச்சை தலைவர். எஸ்.ராஜகோபாலும் அதில் ஆடினார். அவர் உதைத்தால் வாழைப்பழம்போல வளைந்து செல்லும் பந்து அந்தக் காலத்து ரசிகர்களின் பேச்சில் இன்றும் இடம்பெறுகிறது. 1980இல் செலாங்கூரை 2-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த ஃபாண்டி அகமதுக்கு வயது 17. ஏழில் ஐந்து தோல்வி என்பது எண்களில் சோர்வூட்டக்கூடியது. ஆனால் ஏழாண்டும் இறுதியில் நின்ற ஒரு குழுவைத் தோற்ற குழு என்று எழுதுவது அநீதி. தேசிய விளையாட்டரங்க ரசிகர்களின் ஆரவாரத்தைக் குறிக்கும் 'காலாங் முழக்கம்' என்ற சொற்றொடர் வேரூன்றியது இந்த ஆண்டுகளில்தான்.

மலேசியக் கிண்ணத்தின் 1993 இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் கெடாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 17 அன்று ஷா ஆலம் விளையாட்டரங்கில் பாகாங்கை 4-0 என்று சிதறடித்தது. தலைவர் ஃபாண்டி ஒரு கோலும் அப்பாஸ் சாத் மூன்று கோலும் அடித்தனர். அதே 1994இல் மலேசிய லீக் பட்டமும் சிங்கப்பூருக்கே. பாகாங்கை வென்று பெற்றது 24ஆவது கிண்ணம். அதோடு சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. உள்நாட்டுத் தொழில்முறை லீக்கான எஸ்.லீக் பிறந்தது.

இங்கே கேலாங்கின் கதை மீண்டும் இணைகிறது. 'கழுகுகள்' என்று அழைக்கப்படும் இந்தக் குழு, அப்போது கேலாங் இன்டர்நேஷனல் என்ற பெயரில், 1988 முதல் 1993 வரை தொடர்ந்து ஆறு முறை உள்ளூர் லீக் பட்டத்தை வென்றிருந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆடிய பெர்த் கங்காருஸ் குழு அந்தத் தொடரை முறித்தது. 1996இல் எஸ்.லீக்குக்காகப் புதுப் பெயர் சூடிய கேலாங்கில் ஃபாண்டி ஆடினார். ஈரானிய வீரர்கள் ஹமீத் ரெசா எஸ்திலி, முகம்மது காக்பூர் ஆகியோரும் இருந்தனர். இரண்டாண்டு கழித்து 1998 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராக ஈரானின் முதல் கோலை அடித்தவர் இந்த எஸ்திலிதான். பிடோக் வீடமைப்பு அடுக்குமாடிகளுக்கு நடுவில் உள்ள சிறிய அரங்கில் அப்படிப்பட்ட வீரர் வாரந்தோறும் ஆடினார் என்பது சிங்கப்பூர்க் காற்பந்தின் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

1996இல் கேலாங்குக்குப் பட்டம் தந்த முறையைப்போல, பருவத்தின் ஆட்டங்களையும் அதன்பின் வரும் பட்டத் தீர்வு ஆட்டங்களையும் தனித்தனியே கணக்கு வைக்கும் பழக்கம் வட அமெரிக்காவில் வேரூன்றியது. கனடாவின் இளையர் பனி ஹாக்கியில் 1919 முதல் வழங்கப்படும் மெமோரியல் கிண்ணம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று பெரிய இளையர் லீக்குகளின் வாகையர்கள் அதற்காக மோதுகிறார்கள். 1983 முதல் போட்டியை ஏற்று நடத்தும் ஊரின் குழுவுக்கும் இடம் உண்டு. அந்த முதல் ஆண்டிலேயே ஏற்று நடத்திய போர்ட்லண்ட் குழு கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. தன் லீக்கின் பட்டத்தை இழந்த குழுவும் தேசியக் கிண்ணத்தைத் தொடலாம் என்ற இந்த ஏற்பாடு, பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாலும் ஒரு விதி இருப்பதை நினைவூட்டுகிறது.

விதி ஆட்டத்தையே திரிக்கவும் கூடும். 1998 ஆகஸ்டில் வியட்நாமில் நடந்த தென்கிழக்காசிய வாகைப் போட்டியான டைகர் கிண்ணத்தில் தாய்லாந்தும் இந்தோனீசியாவும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தன. அவற்றுக்கு இடையிலான கடைசிக் குழுச்சுற்று ஆட்டத்தில் வெல்பவர் போட்டியை நடத்தும் வியட்நாமோடு அரையிறுதியில் மோத வேண்டும். தோற்பவருக்கு எதிரி சிங்கப்பூர். எளிய எதிரியை நாடி இரு தரப்பும் தயங்கி ஆடின. முடிவில் இந்தோனீசிய வீரர் ஒருவர் வேண்டுமென்றே சொந்த வலைக்குள் பந்தை அடித்தார். தாய்லாந்து 3-2 என்று 'வென்றது'. ஃபிஃபா இரு சங்கங்களுக்கும் அபராதம் விதித்தது. எளிய எதிரி எனக் கருதப்பட்ட சிங்கப்பூர் அரையிறுதியில் இந்தோனீசியாவை 2-1 என்று வெளியேற்றியது. ஹனோயில் நடந்த இறுதியில் வியட்நாமை 1-0 என்று வென்றது. தோளில் பட்டு உள்ளே சென்ற அந்த ஒரே கோலை அடித்தவர் தற்காப்பு வீரர் ஆர்.சசிகுமார். நாட்டின் முதல் அனைத்துலகப் பட்டம் அது.

தேசியக் குழுவின் அடுத்தடுத்த இறுதிகளும் இதே உறுதியைக் காட்டுகின்றன. 2004ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதியில் இரு ஆட்டங்களையும் சேர்த்து இந்தோனீசியாவை 5-2 என்றும், 2007இல் தாய்லாந்தை 3-2 என்றும், 2012இல் மீண்டும் தாய்லாந்தை 3-2 என்றும் சிங்கப்பூர் வென்றது. நான்கு முறை இறுதிக்கு வந்தது. நான்கிலும் பட்டம் கைப்பற்றியது. தென்கிழக்காசிய வாகைப் போட்டியில் அதிகப் பட்டம் தாய்லாந்துக்கு இருக்கலாம். ஆனால் இறுதியில் தோற்றே அறியாத நான்கு முறை வாகையர் சிங்கப்பூர்தான். இறுதிக்கு முன்பே இடறிய ஆண்டுகளும் உண்டு. 2020ஆம் ஆண்டுக்கான போட்டி 2021 டிசம்பரில் சிங்கப்பூரிலேயே நடந்தபோது, இந்தோனீசியாவுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தை எட்டு வீரர்களோடு முடித்து, மொத்தம் 3-5 என்று வெளியேறியது.

இளையர் காற்பந்தில் சிங்கப்பூரின் பங்கு, அது வென்ற கிண்ணங்களைவிடப் பெரியது. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் 1977இல் 16 வயதுக்கு உட்பட்டோருக்காக லயன் சிட்டி கிண்ணத்தைத் தொடங்கியது. 1982இல் அதைப் பார்க்க வந்த ஃபிஃபாவின் அன்றைய பொதுச் செயலாளர் செப் பிளாட்டர், உலக அளவில் அத்தகைய போட்டி வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1985இல் சீனாவில் 16 வயதுக்கு உட்பட்டோரின் முதல் உலக வாகைப் போட்டி நடந்தது. நைஜீரியா, மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வென்றது. பின்னர் வயது வரம்பு 17 ஆனது. இந்தப் போட்டியின் இறுதிப் பதிவுகள் மூத்தோர் உலகக் கிண்ணத்தின் பதிவுகளைத் தலைகீழாக்குகின்றன. நைஜீரியா எட்டு இறுதிகளில் ஆடி ஐந்தில் வென்றுள்ளது. கானா 1991 முதல் 1997 வரை நான்கு இறுதிகளில் தொடர்ந்து ஆடி இரண்டில் வென்றது. ஸ்பெயினோ 1991, 2003, 2007, 2017 என நான்கு இறுதிகளிலும் தோற்றது. 2017இன் தோல்வி கொல்கத்தாவில் இங்கிலாந்திடம் 2-5. ஒரு சிறு தீவின் சங்கம் நட்ட விதையிலிருந்து இவ்வளவும் விளைந்தது என்பது சிங்கப்பூரிலேயே போதிய அளவு பேசப்படுவதில்லை.

சிங்கப்பூர் இளையர்களின் மிகச் சிறந்த இறுதிச் சுற்று 2010இல் அமைந்தது. முதல் இளையர் ஒலிம்பிக் போட்டியில், ஜாலான் புசார் விளையாட்டரங்கில், அவர்கள் அரையிறுதியில் ஹைட்டியிடம் 0-2 என்று தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மான்டினீக்ரோவை 4-1 என்று வென்று வெண்கலம் பெற்றார்கள்.

இளைய வீரர்களைக் கொண்டு 2012இல் மலேசியப் போட்டிகளுக்குத் திரும்பிய லயன்ஸ் XII குழுவுக்கு வி.சுந்தரமூர்த்தி பயிற்றுநர். 2013இல் அது மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. 2015இல் ஃபாண்டியின் பயிற்சியில் கிளந்தானை 3-1 என்று வீழ்த்தி, மலேசிய எஃப்ஏ கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்தக் கிண்ணத்தைச் சிங்கப்பூர்க் குழு ஒன்று வென்றது அதுவே முதல்முறை. அவ்வாண்டு முடிவிலேயே குழு கலைந்தது. 

கேலாங்கின் கதைக்குத் திரும்பினால், அதற்கு 1996க்குப் பின் கிடைத்த ஒரே லீக் பட்டம் 2001இல் வந்தது. அது புள்ளிப் பட்டியலால் கிடைத்தது. எஸ்.லீக்கிலோ தீர்வு ஆட்டத்தின் மீதான ஈர்ப்பு முழுதும் அற்றுப்போகவில்லை. 2003இல் லீக் ஆட்டங்களே சமநிலையில் முடிந்தால் பெனால்டி உதைகளால் தீர்க்கப்பட்டு, வென்றவருக்கு இரண்டு புள்ளியும் தோற்றவருக்கு ஒரு புள்ளியும் தரப்பட்டன. அந்தப் பருவத்துச் சிங்கப்பூர்க் கிண்ண இறுதியில் கேலாங் ஹோம் யுனைடெட்டிடம் தோற்றது. ஆசியக் குழுக்களுக்காக 2004இல் முதன்முறையாக நடந்த ஏஎஃப்சி கிண்ணத்தில் இவ்விரு சிங்கப்பூர்க் குழுக்களும் அரையிறுதி வரை சென்றன. இறுதிக்குச் சென்றவை இரண்டும் சிரியாவின் குழுக்கள். இரு ஆட்டங்களின் கோல் எண்ணிக்கை 3-3 எனச் சமமாக, எதிரணித் திடலில் அடித்த கோல்களைக் கொண்டு அல்-ஜயிஷ் வாகையரானது.

நாக்-அவுட் போட்டியில் கேலாங்கின் பெரிய நாள் 2009இல் வந்தது. சிங்கப்பூர்க் கிண்ணத்தில் அழைக்கப்பட்ட வெளிநாட்டுக் குழுக்களும் ஆடிய காலம் அது. இறுதியில் தாய்லாந்தின் பேங்காக் கிளாஸைக் கேலாங் 1-0 என்று வென்று, அதன் வழியே மீண்டும் ஏஎஃப்சி கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அதே பேங்காக் கிளாஸ் மறுஆண்டு திரும்பி வந்து கிண்ணத்தை வென்றது. பின்னர் கேலாங் யுனைடெட் மறுபடி கேலாங் இன்டர்நேஷனல் என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. 2019இல் பிடோக்கை விட்டு 'நமது தெம்பனிஸ் நடுவம்' என்ற இடத்துக்கு மாறி, நெடுநாள் எதிரியான தெம்பனிஸ் ரோவர்ஸோடு திடலைப் பகிர்ந்துகொண்டது.