உபாத்தியாயர் ஊதியம்

ஆசிரியரைப் போற்றுவதில் தமிழரை மிஞ்சியவர் எவருமிலர் என்று மேடைதோறும் கேட்கிறோம். அன்னைக்கும் தந்தைக்கும் அடுத்த இடத்தில் குருவை வைத்து, தெய்வத்தையும் அவருக்குப் பின்னே நிறுத்திய சமூகம் நம்முடையது. ஆயின் அந்தக் குருவே, தம் வீட்டு அடுப்பில் உலை ஏற்ற அரிசி வேண்டுமென்று வாய் திறந்துவிட்டால், "கல்வி என்ன விற்பனைச் சரக்கா? இது புனிதத் தொண்டன்றோ?" என்று உபதேசம் செய்ய ஓடி வருவோர் பலர். வணிகர் இலாபம் கேட்கலாம்; வக்கீல் பீஸ் கேட்கலாம்; புரோகிதர் தட்சிணை கேட்கலாம்; உபாத்தியாயர் ஒருவர் மட்டும் புகழையே உண்டு உயிர் வாழ வேண்டும்! இவ்வுபதேசத்துக்கு நம் முன்னோர் வாழ்வில் ஆதாரம் உண்டா, இதனால் விளைந்த கேடு யாது, ஆசிரியர் உழைப்புக்கு நியாயமான ஊதியம் எது என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பண்டைத் தமிழர் ஊதியத்தை இழிவாகக் கருதினர் என்பது முதற்கண் பொய். புறநானூற்றிலே பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஆசிரியருக்கு இடுக்கண் வந்தபோது உதவியும், மிக்க பொருள் கொடுத்தும் கற்பதே நன்று என்று கூறுகிறான். கூறுபவன் முடி சூடிய மன்னன் என்பதை மறத்தல் ஆகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், எவருக்கு நூல் கற்பிக்கலாம் என்று பட்டியல் தரும்போது, தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன் என்போரோடு, பொருளை மிகக் கொடுப்பவனையும் ஒருவனாகச் சேர்த்தார். பொருள் பெறுதலைக் குற்றமென்று அவர் நினைத்திருப்பின், இலக்கணத்தின் வாயிலிலேயே அதனை எழுதி வைத்திருப்பாரா?

அரசர்களும் இதனை அறிந்திருந்தனர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, அவ்வூர்க் கல்விச்சாலையில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்ததையும், அதன் செலவுக்கு 45 வேலி நிலம் விடப்பட்டதையும், அவர்களுக்கு அளக்கப்பட்ட நெல்லின் கணக்கையும் தெரிவிக்கிறது. ஆசிரியர் வீடுவீடாகக் கையேந்த வேண்டியதில்லை. நிலத்தின் விளைவு அவரை நாடி வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே கற்பிக்கப்பட்டவை வேதங்களும் வடமொழி இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமுமே. அந்த 45 வேலியில் இறங்கி நாற்று நட்டவனின் பிள்ளைக்கு அச்சாலையில் இடமில்லை. ஆசிரியருக்கு வயிறார அளந்த கை, மாணவரைத் தேர்ந்தெடுக்கையில் சாதியை அளந்தது. எனவே ஊதியத்தின் நியாயத்தை அளக்க முற்படுவோர், அது எவ்வளவு என்பதோடு, எவர் கொடுக்கிறார், எந்த நிபந்தனையின் மேல் கொடுக்கிறார், எவர் பிள்ளைக்காகக் கொடுக்கிறார் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும்.

எளிய குடிகளுக்கு வாய்த்தது திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே வாத்தியாருக்கு மானியமில்லை. பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரும் சில்லறைக் காசும், தானியமும், விசேட நாள்களில் கிடைக்கும் வெகுமதியுமே வருவாய். மழை பொய்த்தால் வீட்டுக்காரனுக்குப் பஞ்சம். வாத்தியாருக்கோ இரட்டைப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாக் கலெக்டர்கள் அனுப்பிய கணக்குகளைத் திரட்டி 1826-ம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. எண்ணிக்கை சிறிதன்று. ஆனால் ஆசிரியர்களின் வருவாய் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படவில்லை என்றும், தகுதியுள்ளோரை இத்தொழிலுக்கு இழுக்க அத்தொகை போதாது என்றும் மன்றோ எழுதினார். வாத்தியார்களின் அறியாமையைப் பழிப்பது எளிது. அதன் காரணம் அவர்களுடைய மடியிலேயே இருந்ததைக் கண்டவர் அவர்.

அவர் சொன்ன பரிகாரம், ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் சர்க்கார் கொடுப்பது. பிள்ளைகளிடமிருந்தும் அவ்வளவு தொகை வருமாதலால், தாசில் உபாத்தியாயரின் நிலை ஸ்காத்லாந்து தேசத்துக் கிராம உபாத்தியாயரின் நிலையினும் மேலாயிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். மன்றோ 1827-ல் மாண்டார். திட்டம் தளர்ந்து, 1836-ல் கைவிடப்பட்டது. வாத்தியார் மீண்டும் திண்ணைக்கே திரும்பினார்.

புலமையின் சிகரத்தில் இருந்தோர் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தம்மை நாடி வந்த மாணவரிடம் பொருள் எதிர்பாராமல் கற்பித்தவர். கடன் தொல்லை அவரை இறுதிவரை விடவில்லை என்பதை அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையரே ஆசிரியரின் சரித்திரத்தில் எழுதியுள்ளார். 1876-ல் அப்பெரியார் மறைந்தபோது தமிழுலகம் கண்ணீர் சொரிந்தது. கண்ணீரால் கடன் தீருமா?

இதற்கிடையே சீமையிலிருந்து ஒரு புதிய முறை கிளம்பிற்று. 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பார் கொண்டுவந்த விதிகளின்படி, பள்ளிக்குரிய சர்க்கார் உதவித்தொகை பிள்ளைகளின் பரீட்சையைச் சார்ந்து நின்றது. ஒழுங்காக வரும் பிள்ளைக்கு 4 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் முன்னிலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைவு. வெளிப்பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். வேலைக்கேற்ற கூலிதானே என்பர். விளைந்தது யாது? பரீட்சையில் வாராத பூகோளமும் சரித்திரமும் புறக்கணிக்கப்பட்டன. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தைப் பொருளறியாமல் உருப்போட்டனர். மந்தமான பிள்ளை, காய்ச்சலில் கிடந்த பிள்ளை, பசியால் சோர்ந்த பிள்ளை ஆகிய மூவரும் உபாத்தியாயர் கண்ணுக்கு நஷ்டக் கணக்காயினர். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகவும் கவிஞராகவும் விளங்கிய மாத்யூ ஆர்னால்டு, இம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிட்டது என்று இடைவிடாது எதிர்த்தார். 1897-க்குள் இங்கிலாந்து அதனை முற்றும் கைவிட்டது. 1860-களில் அதே முறையைத் தழுவிய சென்னை மாகாணத்திலும் திண்ணை வாத்தியார்கள் பரீட்சைத் தலைக்கணக்கை நம்பி வாழ நேர்ந்தது. 1904-ல் கர்ஸன் பிரபுவின் கல்வித் தீர்மானம் இம்முறையைத் தகாதென்று தள்ளிற்று.

தள்ளுண்ட அம்முறை, கடல் கடந்து மலாயாத் தோட்டப் பள்ளிகளில் தங்கியது. பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமலிருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைக் கேட்டது. கற்பிக்கத் தகுதியுள்ளவரைக் கேட்கவில்லை. ஆதலின் பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, மருந்து கொடுப்பவரோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியாரானார். ஆயாக் கொட்டகையே பள்ளிக்கூடம். காலையில் பெரட்டு, பிறகு வேறு வேலை, எஞ்சிய பொழுதில் கல்வி. சர்க்கார் மானியமோ வருகையையும் பரீட்சையையும் பார்த்தே வந்தது. நியமிப்பவர் தோட்டத்துரை, நீக்குபவரும் அவரே, குடியிருப்பும் அவர் தந்த லயம். இத்தகைய வாத்தியார், பிள்ளைகளை வேலைக்காட்டுக்கு அனுப்ப வேண்டாமென்று தாய் தந்தையரிடம் எவ்வாறு துணிந்து சொல்வார்? கூலிக்காரன் பிள்ளை கூலிக்காரனாகவே நிற்க வேண்டுமென்று விரும்பியோர்க்கு, வாய் திறக்க இயலாத வாத்தியார் மலிவான பாதுகாப்பாயினர். குறைந்த ஊதியத்தின் முழுக் கணக்கை உபாத்தியாயர் மட்டும் செலுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பால்மரத்தடியிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளும் செலுத்தினர்.

இந்நிலை தானாக மாறவில்லை. 1957-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் தமிழ்ப்பள்ளிகளும் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆனால் ஒரே வகுப்பில் ஒரே பாடம் நடத்தினும் பெண் ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு என்னும் அநீதி நீடித்தது. கடைக்காரர் பெண்ணுக்கென்று அரிசியைக் குறைந்த விலைக்கு அளப்பதுண்டோ? சிங்கப்பூர் அரசாங்கம் 1962-ல் தன் உத்தியோகத்திலிருந்த பெண்களுக்குச் சம ஊதியக் கொள்கையை ஏற்றது. மலேசியாவில் ஆசிரியர் சங்கங்கள் பல்லாண்டு போராடின. 1967-ல் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. 1969-ல் அக்கொள்கை அங்கும் ஏற்கப்பட்டது. சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்த பிறகே, "புனிதத் தொண்டு" என்ற பேச்சு சற்று ஓய்ந்து, சம்பளப் பேச்சுத் தொடங்கிற்று என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

உலகமும் இதனை ஒப்புக்கொண்டது. 1966-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பாரிஸ் நகரில் யுனெஸ்கோவின் மாநாட்டில் ஏற்கப்பட்ட ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை, ஒத்த கல்வித் தகுதி வேண்டும் பிற தொழில்களோடு ஒப்பிடுகையில் ஆசிரியர் ஊதியம் தாழாதிருத்தல் வேண்டும் என்கிறது. ஆசிரியரின் திறமையை மதிப்பிட்டு ஊதியம் அறுதியிடும் முறை எதனையும், ஆசிரியர் சங்கங்களைக் கலந்து அவற்றின் சம்மதம் பெறாமல் புகுத்தலாகாது என்றும் அது கூறுகிறது. லோவின் ஷில்லிங் கணக்கால் பிள்ளைகள் பட்ட பாட்டை உலகம் மறந்துவிடவில்லை.

"எல்லா வாத்தியாரும் நன்கு கற்பிக்கின்றனரா?" என்று சிலர் வினவுவர். இல்லை. ஆனால் கற்பிக்கத் தெரியாதவரை நீக்குவது வேறு. தெரிந்தவரைப் பட்டினி போடுவது வேறு. அறிவுடையோரை விரட்டும் சம்பளத்தை வைத்துக்கொண்டு, அறிவுடையோர் வரவில்லையே என்று புலம்புவதன் பேதைமையை மன்றோ 1826-லேயே எடுத்துக் காட்டிவிட்டார்.

ஆதலின் நியாயமான ஊதியத்துக்கு யாம் கூறும் அளவுகோல் இது: வேறு தொழில் தேடாமல் குடும்பம் நடத்தப் போதுமானதாய், பொதுப்பணத்திலிருந்து ஒழுங்காக வருவதாய், ஆண் பெண் என்றும், கற்பிக்கும் மொழி இன்னதென்றும் வேறுபாடு பாராததாய், உண்மையைச் சொன்னதற்காகப் பறிக்கப்படாததாய் இருத்தல் வேண்டும். சர்க்காரை நோக்கி இதனைக் கேட்கும் நாம், நம்முடைய கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயிலிலும் சங்கத்திலும் நாமே நடத்தும் பாலர் வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் வரும் ஆசிரியருக்கு நாம் கொடுப்பது என்ன? திருவிழாவின் வாணவேடிக்கைக்கு எழுதும் தொகையையும் அவருக்கு எழுதும் தொகையையும் கணக்குப் புத்தகத்தில் அருகருகே வைத்து வாசிப்போமாக. ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்துவதை நிறுத்தினாலும் குற்றமில்லை. மாதந்தோறும் முதல் தேதியில் சம்பளத்தை நிறுத்தாதிருந்தால் போதும்.